சிங்கிள்ஸ் பார்ட்டிக்குப் பாதி நாற்காலி போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டேட்டிங் ஆப்களில் சலித்துப்போனவர்கள் நேரில் சந்திக்கும் கூட்டங்களைத் தேடிப் போகிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். காசு கட்டி ஹாலுக்குப் போவதைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள், வீட்டிலேயே நடத்தலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் இரண்டு முறை நடத்திவிட்டேன். முதல் முறை படு சொதப்பல்.

அப்போது எனக்குத் தெரிந்த, ஜோடி இல்லாத 16 பேரையும் கூப்பிட்டிருந்தேன். பாதிப் பேருக்கு ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரியும், பிடிப்பதாக இருந்தால் எப்போதோ பிடித்திருக்கும். மீதிப் பேர் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள், பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கியவர்கள் மாதிரி. ஒருவர் என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கரண்ட் பில்லைக் கடைசி வரிவரை படித்து முடித்தார். போதாக்குறைக்கு நான் வேறு ஒரு தோழியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒருவர் முன்னால் நிறுத்தி, "உங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகும்" என்று சொல்லித் தொலைத்தேன். அதன் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில்தான் இருந்தார்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் ஒரு விஷயம் எழுதினார்: புது வேலை பற்றிய தகவல் பலருக்கும் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்துதானே இருக்கும்! புது ஆட்களும் அப்படித்தான் கிடைப்பார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் இரண்டாம் முறை 7 பேரை மட்டும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒருவரை அழைத்து வரச் சொன்னேன். அவர் எனக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும், கூட்டி வருகிறவர் அவருக்குப் பொறுப்பு. முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடுகிறோமே என்ற பயமும் இதில் பாதி குறைந்தது.

நாற்காலிகளில் பாதியைப் படுக்கையறையில் போட்டுப் பூட்டினேன். உட்கார்ந்தவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவருக்குச் சங்கடம், நின்று பேசுகிறவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நகர்ந்துவிடலாம். எல்லோரையும் வட்டமாக நிறுத்தி அறிமுகம் செய்யும் வேலையும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், 4 பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு தானாகவே இரண்டாகப் பிரியும் என்று ராபின் டன்பார் போன்ற ஆய்வாளர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் மேஜையில் 500 துண்டு ஜிக்சா புதிர் ஒன்றைக் கொட்டிவைத்தேன். கைக்கு வேலை இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு நின்றாலும் "அந்த நீலத் துண்டைக் கொடுங்க" என்று மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம். அதில் பாதிக்கு மேல் வானம், எல்லாமே நீலம், அதனால் நிறையவே பேச வேண்டியிருந்தது.

ஸ்பீட் டேட்டிங் மாதிரி சில நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து, எதிரில் பேசுகிற ஆளை மாற்றலாமே என்றாள் ஒரு தோழி. 1998-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் யாக்கோவ் டேயோ என்ற யூத மதகுரு தொடங்கிவைத்தது அது. வீட்டில் மணி அடித்தால் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம்தான் வரும், வேண்டாம் என்றேன். ஆனால் இருவருமே விருப்பம் சொன்னால்தான் எண் கைமாறும் என்ற அதன் விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாரோடு மறுபடி பேச விருப்பம் என்று மறுநாள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாம். பெயர் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் எண்ணைக் கொடுப்பேன், ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது என்னோடு போயிற்று.

மாலை 6 முதல் 9 வரை என்று அழைப்பிலேயே போட்டுவிட்டேன். முடிகிற நேரம் தெரிந்தால், தயங்குகிறவர்களும் சரி போய்த்தான் பார்ப்போமே என்று வருகிறார்கள். 10 மணிக்கும் 3 பேர் வானத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இதுவரை இரண்டு ஜோடி எண்கள் கைமாறியிருக்கின்றன. எனக்கு யாரும் அமையவில்லை, நான் முழு நேரமும் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை வேறு யாராவது அவர்கள் வீட்டில் நடத்தட்டும், புதிரை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி