செயலாளர் ஆண்டறிக்கை: வாக்காளர் பட்டியல் முதல் கிராம சபைத் தீர்மானம் வரை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டுப் போட்டதோடு நம் அரசியல் கடமை முடிந்தது என்ற நினைப்பை மாற்றுவதையே இந்த ஆண்டு முதன்மை வேலையாக எடுத்துக்கொண்டோம். வாக்காளர் பட்டியலில் தொடங்கினோம். அரசியல் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் சேர்ந்ததே கிராம சபை. பெயர் விடுபட்டால் ஓட்டோடு சேர்த்து, சபை உறுப்பினர் என்ற உரிமையும் போய்விடுகிறது.

வாக்காளர் அட்டைதான் கையில் இருக்கிறதே என்று பலர் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையால் பயனில்லை. புதிதாகச் சேர படிவம் 6, நீக்க 7, திருத்தத்துக்கும் வீடு மாறியதற்கும் 8. வீடு மாறியவர்கள் 8-க்குப் பதில் 6-ஐ நிரப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. பெயர் இரண்டு இடங்களில் ஏறி, சரிபார்ப்பின்போது சிக்கலாகிறது. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேரும்.

கூட்டம் வருவதை விடக் கடினம், பேசியதை ஏட்டில் ஏற்றுவது. எழுந்து நின்று ஆவேசமாகப் பேசிவிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால், பிறகு எழுதப்படும் தீர்மானத்தில் அந்தப் பேச்சு இருக்காது. எனவே கோரிக்கையை முன்கூட்டியே எழுதி ஊராட்சி செயலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘தெருவிளக்கு சரியில்லை’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எந்தத் தெரு, எந்த எண் கம்பம் முதல் எந்தக் கம்பம் வரை, எத்தனை விளக்குகள் எரியவில்லை என்று இருக்க வேண்டும். தீர்மானத்தை, கூட்டத்தைப் பார்வையிட வரும் அலுவலரான பற்றாளர் முன்னிலையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகுதான். குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை போன்றவை ஊராட்சியின் பொறுப்பு. நெடுஞ்சாலை போன்ற பிற துறை வேலைகளுக்குப் போடும் தீர்மானம் வெறும் பரிந்துரைதான். அந்தத் துறைக்குத் தனி மனுவும் போக வேண்டும்.

தீர்மானம் கிடப்பில் போனால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. நம் உறுப்பினர்களின் மனுக்களில் பெரும்பாலும் தென்படும் குறை, ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்பது. சட்டம் தருவது ஆவணத்தை. ஏட்டில் இல்லாத விளக்கத்தைத் தர அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல. தேதியைக் குறிப்பிட்டு, தீர்மானத்தின் நகல், அதன் மேல் நடந்த கடிதப் போக்குவரத்து, மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) பக்கங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். முதல் மேல்முறையீட்டைத் தவறவிட்டு நேராக ஆணையத்துக்கு மேல்முறையீடு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெடு தாண்டிக் கிடைக்கும் தகவலுக்குப் பக்கக் கட்டணம் கிடையாது.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு விவரங்கள் இருக்கும். தேர்தல் ஆணையம் அதை இணையத்தில் வெளியிடுகிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேள்வி கேட்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் தீர்மான நகல்களைக் கோப்பாக வைத்துப் பின்தொடர வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. பொறுப்பேற்க விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கவும். வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்