சிவகாசி பிரஸ் பிளேட் செக்‌ஷன் அண்ணனுக்கு

உங்க பேரைக் கேக்கவே மறந்துட்டேன் அண்ணே. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, "தம்பி, ஹார்டுவேர் கடை காலண்டர் உங்க ஃபைலா? எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வருது"ன்னீங்களே, அந்தத் தம்பிதான் நான்.

தமிழ் ஃபான்டை அவுட்லைன் பண்ணாம, அதாவது எழுத்தை வெறும் வடிவமா மாத்தாம அனுப்பியது என் தப்பு. அதோட நீங்க விடல. பொடி எழுத்துக்கு நாலு கலரும் கலந்த கறுப்பு வச்சிருக்கேன், கலருக்கு ஒண்ணா அச்சடிக்கிற பிளேட்ல ஒண்ணு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் அடிக்கும், கறுப்பு மட்டும் 100 சதவீதம் வைங்கன்னு சொன்னீங்க. வெட்டுற ஓரத்தைத் தாண்டி டிசைன் நீளணுமே, அந்த 3 மி.மீ. பிளீட் சுத்தி இல்லைன்னும் பிடிச்சீங்க. கோயம்புத்தூர்ல தனியா உக்காந்து ஸ்கிரீன்லயே டிசைன் பாக்கிறவனுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தர்றா?

ஆடிப் பதினெட்டுக்குப் புது காலண்டர் மாடல் ஆல்பம் போட்டதுல இருந்து உங்க ஊர்ல மூச்சுவிட நேரமிருக்காதுன்னு தெரியும். அந்த நெருக்கடியிலயும் நான் திருத்தி அனுப்புற வரைக்கும் பிளேட் போடாம நிறுத்தி வச்சீங்க. 2,000 காலண்டர். அப்படியே ஓடியிருந்தா வாங்கின அட்வான்ஸைத் தாண்டிக் கைக்காசும் போயிருக்கும். கடைக்காரருக்கு இன்னும் விஷயம் தெரியாது!

ஜிபே நம்பர் கேட்டதுக்கு, "ஊருக்கு வந்தா டீ வாங்கிக் குடுங்க"ன்னு வச்சுட்டீங்க. தை பொறந்ததும் வரேன் அண்ணே. வடையும் சேத்து.