முதலில் வசூல், அப்புறம் விற்பனை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு பக்கத் திட்டத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். தனியாகத் தொழில் தொடங்கி மூன்று வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அதற்கு மேல், ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதே, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நம்மைப் போன்றவர்களில் பலர் அன்றன்றைக்கு வரும் வேலையைப் பார்ப்பதிலேயே வருடத்தை ஓட்டிவிடுகிறோம்.

முதல் வரியைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாய்: "12 மாதத்தில் விற்பனையை இரண்டு மடங்காக்குவேன்." அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதினேன். எழுதியபடி செய்தும் காட்டினேன். தொழிலை மூடிவிடலாமா என்று நான் நினைத்ததும் அதே வருடம்தான்.

நீ என்னிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது இது. அட்டைப்பெட்டிக்கு ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து ஆர்டர் வந்தது. அதுவரை எனக்கு இருந்த எல்லா வாடிக்கையாளர்களும் சேர்ந்து கொடுக்கிற வேலை அளவுக்கு அந்த ஒரே இடத்தில் கிடைத்தது. 60 நாளில் பணம் என்று பேச்சு. வந்தது 90 நாள் கழித்து. அட்டைக்குக் கையோடு காசு கொடுக்க வேண்டும், வேலையாட்களுக்கு வாரா வாரம் கூலி. பில் புத்தகத்தைப் புரட்டினால் லாபம் தெரிகிறது, கல்லாவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் கூலிக்காக நிற்கிறார்கள். "திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்" என்றேன். அதில் ஒருவர் எதுவும் பேசாமல் தன் பையை எடுத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது.

சரி, உன் கணக்குக்கு வருவோம். நீ கொடுத்த எண்களைச் சுருக்கி, உன் மாத விற்பனையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் சரக்குக்கு 60 போகிறது. கூலி, வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 20. மிச்சம் 20. வாடிக்கையாளர்கள் சராசரியாக 60 நாளில் பணம் தருகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இப்போது விற்பனை 200 ஆகிறது என்று வை. சரக்குக்கு 120. மற்ற செலவு இரண்டு மடங்காகாது, 30 என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 150 வெளியே போகிறது. ஆனால் முதல் இரண்டு மாதம் உன் கைக்கு வருவது பழைய விற்பனையின் பணம், அதாவது மாதம் 100 மட்டும். மாதத்துக்கு 50 வீதம் இரண்டு மாதத்தில் 100 துண்டு விழுகிறது. உன்னுடைய ஒரு மாத விற்பனை முழுவதற்கும் சமமான தொகை அது! வீட்டுச் செலவுக்கு நீ மாதம் 20 எடுப்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் 140. மூன்றாவது மாதம்தான் 200 உள்ளே வரும். அதுவும் எல்லாரும் சொன்ன நாளில் கொடுத்தால்.

இந்த 140 எங்கிருந்து வரும் என்று உன் இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. வியாபாரம் பெருகப் பெருகக் கைக்காசு குறையும் என்பதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். நீ பட வேண்டாம் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இதையே திருப்பிப் பார். விற்பனையைத் தொடாதே, 100 ஆகவே இருக்கட்டும். 60 நாளில் வரும் பணத்தை 30 நாளில் வர வைத்தால் என்ன ஆகும்? இப்போது வெளியே இரண்டு மாதப் பாக்கி நிற்கிறது, 200. அது ஒரு மாதப் பாக்கியாகக் குறையும். அந்த 100 ஒரு தடவை உன் கைக்கு வந்து சேரும், வட்டி இல்லாமல். அதற்குப் பிறகு விற்பனையை இரண்டு மடங்காக்கினால் ஒரு மாதம் மட்டும் 50 துண்டு விழும், வீட்டுச் செலவோடு 70. கையில் 100 இருக்கிறது. கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், முதல் ஆறு மாதத்துக்கு உன் இலக்கை மாற்று. "பாக்கி வசூலை 60 நாளிலிருந்து 30 நாளுக்குக் கொண்டுவருவேன்" என்று அந்த முதல் வரியை எழுது. விற்பனை அடுத்த ஆறு மாதத்துக்கு இருக்கட்டும்.

எப்படிக் கொண்டுவருவது? எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன். சரக்கு போகிற அன்றே பில் போக வேண்டும். உன்னிடம் பில் போடுவது மாதக் கடைசி வேலையாக இருக்கிறது. 5-ஆம் தேதி சரக்கை அனுப்பிவிட்டு 30-ஆம் தேதி பில் போட்டால் 25 நாளை நீயாகவே தொலைத்துவிட்டாய், வாடிக்கையாளர் மேல் தப்பே இல்லை. அடுத்தது அட்வான்ஸ். புது வாடிக்கையாளர் என்றால் சரக்குக் காசின் பாதியாவது முன்பணமாகக் கேள். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. கேட்டவர்களில் சிலர் மறுத்தார்கள், ஆனால் நிறையப் பேர் "சரி" என்று கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடமும் நான் கேட்காததால்தான் அவர்கள் கொடுக்கவில்லை. கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து, "பில் கிடைத்ததா, ஏதாவது திருத்தம் உண்டா" என்று கேள். கெடு தாண்டிய பிறகு கேட்டால் அது சண்டை மாதிரி ஆகிவிடும். முன்னால் கேட்டால் வெறும் விசாரிப்பு, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய பாக்கி நிற்கிறவருக்குப் புதுச் சரக்கு அனுப்பாதே. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், அதிலும் நெடுநாள் பழகியவரிடம். அங்கே மட்டும் மனதைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொள்.

ஒரு நீளமான தாள் எடு. 13 வாரத்துக்கு 13 கட்டம் போடு, சரியாக ஒரு காலாண்டு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்கள்: வாரத் தொடக்கத்தில் கையிருப்பு, அந்த வாரம் வருவது, போவது, கடைசியில் மிஞ்சுவது. பென்சிலில் எழுது. வருவதை எழுதும்போது பில்லில் இருக்கும் கெடுத் தேதியைப் போடாதே, அந்த ஆள் போன மூன்று தடவை எந்தத் தேதியில் கொடுத்தாரோ அதைப் பார்த்துப் போடு. எந்த வாரத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போடு. எட்டாவது வாரத்தில் வரப்போகிற கஷ்டம் இன்றைக்கே தெரிந்துவிட்டால் போன் செய்ய, தவணை பேச, கொள்முதலைத் தள்ளிப்போட உனக்கு ஏழு வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் ஒரு வாரம் சேர்த்துக்கொள். அரை மணி நேர வேலைதான்.

இரண்டாவது பக்கத்தில் விலையை 10 சதவீதம் குறைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். இப்போது 100-க்கு விற்றால் சரக்குக் காசு போக 40 நிற்கிறது. 90-க்கு விற்றால் 30. இப்போது இருக்கிற இடத்திலேயே நிற்பதற்குக்கூட நீ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்றாக வேண்டும். இரண்டு மடங்கு விற்றுவிட்டாய் என்றே வை: வரவு 180, சரக்கு 120, மற்றது 30, மிச்சம் 30. வேலை இரட்டிப்பு, லாபம் 20-லிருந்து 30. அந்த 10-க்காக உன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுக்கப் போகிறாயா?

இலக்கை எண்ணாக எழுதியது தப்பு என்று நினைத்துவிடாதே. "முடிந்தவரை பார்ப்போம்" என்பதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான எண் நன்றாக வேலை செய்யும் என்று எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968-லேயே எழுதினார். அவரும் கேரி லேதமும் பிறகு பல வருடம் அதையே ஆராய்ந்தார்கள். எனக்குப் பிடித்தது லேதம் இன்னொருவரோடு சேர்ந்து 1975-இல் வெளியிட்ட மர லாரி ஆய்வு. அமெரிக்காவில் மரத்தடி ஏற்றும் லாரிக்காரர்கள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று ஒரு இலக்கு மட்டும் கொடுத்தார்கள். சில மாதங்களில் 90-ஐத் தாண்டிவிட்டார்கள்.

அதில் ஒன்றைக் கவனி. எவ்வளவு ஏற்றுவது என்பது அந்த ஆட்கள் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு லோடுக்கும் எடை தெரிந்தது. உன் "இரண்டு மடங்கு விற்பனை" அப்படிப்பட்டதா? வாங்குவதா வேண்டாமா என்பது வாடிக்கையாளர் முடிவு. முடிவு தெரிய வருடக் கடைசி ஆகும். சரக்கு போன அன்றே பில் போடுவது, வாரம் ஐந்து பேரிடம் புது வேலை கேட்பது, வெள்ளிக்கிழமை 10 மணிக்குப் பாக்கிக்காரர்களுக்குப் போன் செய்வது இதெல்லாம் உன் கையில் இருக்கிறது. செய்தாயா இல்லையா என்று சனிக்கிழமையே தெரிந்துவிடும். கிழமையும் நேரமும் போட்டே எழுது. "பாக்கியைக் கவனிக்க வேண்டும்" என்று எழுதினால் அது தாளிலேயே தூங்கும்.

இன்னொரு விஷயம், உன் நேரம். புது மெஷினைப் பழகுவது, வேலைக்கு ஆள் எடுப்பது, கணக்கை கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் மூன்று மாதத்தில் முடியும் என்று போட்டிருக்கிறாய். ஒரு வேலைக்கு ஆகும் நாளை இப்படிக் குறைத்துப் போடுவதற்கு டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் ஒரு பெயரே வைத்தார்கள், திட்டமிடும் மயக்கம் என்று சொல்லலாம். 1994-இல் வந்த ஒரு ஆய்வில், பட்டப்படிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். ஆக, கெட்ட நேரத்தைக் கற்பனை செய்தால்கூட நாம் நல்லபடியாகத்தான் கற்பனை செய்கிறோம்.

அதனால் யோசித்துச் சொல்லாதே, பார்த்துச் சொல். பழைய ஆர்டர் புத்தகத்தில் கடைசி பத்து ஆர்டரை எடு. தருகிறேன் என்று சொன்ன தேதி, உண்மையில் கொடுத்த தேதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. பத்து நாள் என்று சொன்னது வழக்கமாகப் பதினைந்து நாள் ஆகியிருந்தால், இந்தத் திட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு காலத்தையும் ஒன்றரையால் பெருக்கு. அப்புறம் ஒரு வாரம், அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று ஒரே வார்த்தையில் குறித்துவை. நான் அப்படிக் குறித்தபோது, புது வேலைக்கு எனக்கு வாரம் நாலு மணி நேரம்தான் உண்மையில் மிஞ்சுகிறது என்று தெரிந்தது. 20 மணி நேரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு திட்டம் போட்டிருந்தேன். நாலு மணி நேரத்தில் ஒரு காலாண்டுக்கு ஒரு காரியம்தான் நடக்கும். உன் தாளில் ஒன்பது இருக்கிறது. எட்டை அடித்துவிடச் சொல்லவில்லை, வரிசை போடு. முதல் மூன்று மாதத்துக்கு ஒன்று மட்டும்.

திட்டத்தை முடிவு செய்வதற்கு முன்னால் வீட்டில் ஒரு நாள் சாவகாசமாக உட்காருங்கள். உன் மனைவி, உன்னிடம் மூத்த ஆளாக வேலை பார்ப்பவர், நீ, மூன்று பேர் போதும். "ஒரு வருடம் ஓடிவிட்டது, இந்தத் திட்டம் படுத்துவிட்டது. ஏன்?" என்று கேட்டு, ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதச் சொல். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிய முறை இது. "இதில் என்ன தப்பு வரலாம்" என்று கேட்டால் உன் முகத்துக்காகப் பேசாமல் இருப்பார்கள். ஏற்கெனவே படுத்துவிட்டது என்று சொல்லிக் கேட்டால் வாய் திறப்பார்கள். முக்கியமாக உன் மனைவி எழுதுவதை அவசரப்படாமல் படி. மாதம் 20 வீட்டுக்கு வருகிறதா இல்லையா என்பது உன்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மெஷின் வாங்கக் கடன் கேட்டிருக்கிறாய் என்று கடைசி வரியில் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் 13 வாரத் தாளைப் போட்டு முடிக்கும்வரை நிறுத்திவை. தவணையை அதில் ஒரு செலவாக எழுதிப் பார்த்துவிட்டுப் போடலாம்.

வருகிற ஞாயிறு காலை நான் சும்மாதான் இருக்கிறேன். ஆர்டர் புத்தகம், பில் புத்தகம், பாக்கிப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வா. தாளும் பென்சிலும் என்னிடம் இருக்கின்றன. யார் யாருக்குத் திங்கட்கிழமை போன் செய்ய வேண்டும் என்ற பட்டியலை முடித்துவிட்டே நீ கிளம்பலாம்.

அன்புடன்,
அண்ணன்