டர்போவுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்

கேத்தி பாலாடா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஒர்க்‌ஷாப்காரர் அனுப்பிய மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போவை மாற்றிவிடச் சொல்லுங்கள், பணத்தைப் போட்டுவிடுகிறேன் என்று நேற்று இரவு சொன்னாய். போட வேண்டாம். பிக்கப் உன் பெயரில் இருக்கிறது, தவணையும் நீதான் கட்டுகிறாய்; ஆகவே ஏன் வேண்டாம் என்பதைப் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதுமாக எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது.

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, கோழி எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதிலிருந்தே வண்டியில் இழுவை இல்லை. பர்லியாறு வருவதற்குள் செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்து நின்றது. யானை குறுக்கிடும் சாலையில், அதுவும் மூட்டை ஏற்றிய வண்டியை வளைவில் நிறுத்திவிட்டு பானட்டைத் திறக்க முடியாது. வெப்ப முள் நடுவில் நின்றது, ஆயில் விளக்கு எரியவில்லை, ஆகவே இரண்டாவது கியரிலேயே மெல்ல ஏற்றிக் குன்னூர் வழியாக ஊட்டி வந்து சேர்ந்தோம். எரிந்தது சிவப்பு ஆயில் விளக்காக இருந்திருந்தால் யானையாவது ஒன்றாவது, அங்கேயே இன்ஜினை அணைத்திருப்பேன். பெங்களூரில் நீ ஓட்டுவது பெட்ரோல் கார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அதில் இந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கத் தொடங்கினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்குகிறது என்று பொருள்; ஓரமாக நிறுத்திவிடு.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0299, பி2463 என்று இரண்டு கோட், அதாவது கோளாறு எண்கள், வந்தன. முதலாவது டர்போ அழுத்தம் குறைவு, இரண்டாவது டீசல் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் கரி அதிகம் சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான், டர்போ புதிது, டி.பி.எஃப். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அழுத்த சென்சாரும் சரியாகக் காட்டவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரியில் மதிப்பீடு எழுதிவிட்டார்கள். வண்டியின் எந்த ஹோஸிலும் ஒரு கைகூடப் படவில்லை.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் கருவிப் பிரிவில் இருந்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஃபிலிம் பூச்சு நடக்கும் அறையில் ஈரப்பதம் குறைகிறது என்று அளவி காட்டினால், ஈரப்பதக் கருவியை உடனே மாற்ற எங்கள் மேலதிகாரி விடமாட்டார். அளவி, அதன் வயர், காற்றுக் குழாய், கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். பி0299 என்ற எண்ணும் டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. இன்ஜின் கணினி இவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று கேட்டது, அந்த அளவு வந்து சேரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் எங்காவது கிழிந்திருந்தாலும், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் மெல்லிய ரப்பர் குழாயை எலி கடித்திருந்தாலும், வயர் சாக்கெட்டில் பனி ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருந்தாலும் இதே எண்தான் வரும். இவற்றில் மிக விலை உயர்ந்தது டர்போ. அதிலிருந்து தொடங்குவானேன்?

சென்சார் விஷயத்தில் ஸ்கேனர் போட்ட பையன் சொன்ன காரணம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். அது 77 கிலோபாஸ்கல் அளவில் காட்டியது. 100 காட்ட வேண்டும், ஆகவே சென்சார் போய்விட்டது என்கிறான். சமவெளியில் தொழில் பழகி வந்தவனாக இருக்க வேண்டும். கடல் மட்டத்தில் 101. மேட்டுப்பாளையத்தில் சுமார் 97. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் 77 பக்கம்தான் வரும், ஏனென்றால் இங்கே காற்றே அவ்வளவுதான் இருக்கிறது. நம் சென்சார் சரியாகச் சொன்ன ஒன்றைக் குற்றமாக எழுதிவிட்டான்.

பொங்கலுக்கு வந்தபோது நீ வாங்கி வைத்துவிட்டுப் போன சின்ன புளூடூத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, உன் தம்பியின் போனில் பார்த்தேன். கோட் பதிவான அந்தக் கணத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதையும் கணினி சேர்த்துப் பதிந்து வைக்கும். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பவர்கள் இந்தப் பதிவைத்தான் முதலில் தொலைக்கிறார்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கிறது, பாரம் முழுவதும், ஆக்சிலரேட்டர் ஏறக்குறைய முழுதாக மிதிக்கப்பட்டிருக்கிறது, அழுத்தம் மட்டும் 110-ஐத் தாண்டவில்லை. வெறும் வண்டியாக ஓட்டும்போது கோளாறே தெரியவில்லை. அழுத்தம் ஏறினால்தான் தெரிகிற ஓட்டை என்று அப்போதே எனக்குப் பட்டது.

மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய பிறகு, தம்பி டார்ச் பிடிக்க, ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனேன். மேல்பக்கம் எல்லாம் புதிது மாதிரி இருந்தது. இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு ஏறும் வளைந்த ஹோஸின் அடிப்பக்கத்தில் மட்டும் விரலில் பிசுபிசுவென்று கறுப்பு எண்ணெய் ஒட்டியது. அங்கே ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி ரப்பர் தேய்ந்திருந்தது. சும்மா பார்த்தால் ஒரு கீறல்; இரு கட்டைவிரலால் அழுத்தியபோது பட்டாணித் தோல் பிரிவதுபோல் நீளவாக்கில் வாய் திறந்தது. இன்ஜின் அளந்து உள்ளே இழுத்த காற்று, ஏற்றத்தில் அழுத்தம் கூடியதும் இந்த வாய் வழியாக வெளியே போயிருக்கிறது. ஏற்றத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்பதாக டிரைவர் சில நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

டர்போவையும் விடவில்லை. அதன் வாயில் உள்ள குழாயைக் கழற்றி, உள்ளே உள்ள சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுழல்கிறது, இதழ்கள் சுவரில் உரசிய தடம் இல்லை, முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியவில்லை. பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கிறது, அது இருக்க வேண்டியதுதான்.

இனி அந்த இரண்டாவது கோட். வேண்டிய காற்று போய்ச் சேராவிட்டால் டீசல் முழுதாக எரியாமல் கரியாகிறது. அந்தக் கரிதான் வடிகட்டியில் சேர்ந்திருக்கிறது. அதை எரித்துத் தள்ள வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நம் வண்டியோ பாதி நேரம் கேரட் கழுவும் இடத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே ஊர்கிறது, மீதி நேரம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மலை இறங்குகிறது. சூடு எங்கிருந்து வரும்? ஆகவே ஹோஸை மாற்றிய பிறகு, மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் பக்கமாக நல்ல சாலையில் நிற்காமல் ஒரு ஓட்டம் விடச் சொல்லியிருக்கிறேன். அதிலும் எரியாவிட்டால் மட்டும் சுத்தம் செய்யக் கொடுப்போம். வடிகட்டியையே வெட்டி எடுத்துவிட்டுக் கணினியை ஏமாற்றித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அது சட்டப்படி குற்றம். நம் தோட்டத்துக் காற்றில் அந்தக் கரியை விட எனக்கு மனமும் இல்லை அம்மணி. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஹோஸ் கோயம்புத்தூரிலிருந்து நேற்று வந்தது. மாட்டி, இரண்டு கிளாம்பையும் புதிதாகப் போட்டு, இரும்புப் பட்டை உரசாதபடி இடையில் ரப்பர் வைத்துக் கட்டியிருக்கிறேன். இன்று அதே எரு மூட்டைகளோடு அதே பர்லியாறு ஏற்றத்தில் அழுத்தம் 180-ஐத் தாண்டியது. விளக்கு இன்னும் எரிகிறது, நான் அழிக்கவில்லை. கோளாறு திரும்ப வராமல் அடுத்தடுத்து மூன்று ஓட்டம் முடிந்தால் கணினியே அணைத்துவிடும், அப்படி அணைந்தால்தான் எனக்கும் நம்பிக்கை. கரி கோட் அணையக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகலாம்.

ஹோஸ், கிளாம்ப் பில்லை உன் வாட்ஸ்அப்புக்குத் தம்பி அனுப்புவான். ஒர்க்‌ஷாப்காரருக்கு ஸ்கேன் செய்த கூலியை நானே கொடுத்துவிட்டேன், நீ எதுவும் பேச வேண்டாம். புகைச் சான்று இந்த மாதத்தோடு முடிகிறது. விளக்கு அணைந்ததும் எடுக்கப் போவோம். ஓ.டி.பி. உன் எண்ணுக்குத்தான் வரும், மீட்டிங்கில் இருந்தாலும் போனைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா