கல் நடாத எல்லை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஊரில் இல்லை. "ஊர்" என்று நான் இப்போது நியூ ஜெர்சியைச் சொல்கிறேன், பார்த்தாயா! ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்தால் நாக்கும் மாறிவிடுகிறது. முழங்கால் பரவாயில்லை. சர்க்கரை நான் சொன்னபடி கேட்பதில்லை. மற்றபடி நலம். உன் மருமகள் வேலைக்குச் சேர்ந்தது பற்றி எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம்.

உன் அண்ணன் மகனோடு வேலித் தகராறு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் போய் வந்த இடத்தைச் சொல்கிறேன். சர்வேயர்களாக ஒன்றாய் நிலம் அளந்த உனக்கும் எனக்கும் மட்டும்தான் அதன் ருசி தெரியும்.

கரீபியன் கடலில் செயின்ட் மார்ட்டின் என்று ஒரு தீவு. மொத்தமே 87 சதுர கிலோமீட்டர். நாம் வானூர் தாலுகாவில் சைக்கிளில் சுற்றிய பரப்பில் ஒரு மூலைக்குக் காணாது. அதற்குள் இரண்டு நாடு! வடக்கே பிரான்ஸ், தெற்கே நெதர்லாந்தைச் சேர்ந்த சின்ட் மார்ட்டன். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் விடுமுறை. இங்கே கொட்டுகிற பனியிலிருந்து தப்பிக்கலாம் என்று கிளம்பினார்கள். கிழவனைத் தனியாக விட மனமில்லாமல் என்னையும் அழைத்துப் போனார்கள்.

அங்கே ஒருநாள் காலை நாலு மணி நேரத்துக்கு எங்களுக்கென்றே ஒரு படகு பேசி, தீவை முழுதாக ஒரு சுற்று சுற்றினோம். முதலில் பேசியிருந்த படகுக்காரர்கள் முந்தின இரவு ஒன்பது மணிக்கு "இன்ஜின் கோளாறு" என்று கையை விரித்துவிட்டார்கள், முன்பணம் இன்னும் திரும்பவில்லை. தங்கியிருந்த இடத்தில் வேலை செய்கிற அம்மாள்தான் தன் உறவுக்காரர் ஒருவரை விடியற்காலையில் பிடித்துக் கொடுத்தார். எவ்வளவு ஆயிற்று என்று மகளிடம் கேட்டேன். "உங்க பென்ஷனோட வகுத்துப் பார்க்காதீங்கப்பா" என்றாள். பார்க்கவில்லை. (பார்த்தேன். எழுத மனமில்லை.)

கேப்டனுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு, வெயிலில் உப்புப் படிந்த புருவம். இரண்டு இன்ஜின் வைத்த படகு, மேலே ஒரு துணிக்கூரை. ஏறியதுமே நான் கேட்ட கேள்வி என்னவாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். "எல்லை எங்கே?" அவர் சிரித்துவிட்டு, நாங்கள் நின்றிருந்த உப்பங்கழியையே கைகாட்டினார். எல்லை அந்தத் தண்ணீருக்குள்தான் போகிறதாம். இந்தக் கரை டச்சு, அதோ அந்தக் கரை பிரெஞ்சு. நடுவில் மிதவைகூட இல்லை. ஒரு நாரைதான் நின்றிருந்தது.

கழியின் ஓரத்தில் ஒரு பாய்மரப் படகு பாதி மூழ்கி, கொடிமரம் மட்டும் சாய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா புயல் இந்தத் தீவைப் போட்டுப் புரட்டியிருக்கிறது. ஐந்தாம் வகைப் புயல், அதற்கு மேல் வகையே கிடையாது. புயலுக்குப் பாதுகாப்பு என்று இந்தக் கழிக்குள் கொண்டுவந்து கட்டிய படகுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தனவாம். கேப்டனின் பழைய படகும் அதில் ஒன்று. 2011-ல் நம் பக்கம் அடித்த 'தானே' புயலை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

பாலத்தின் அடியில் குனிந்து வெளியே வந்து மேற்கே திரும்பினோம். விமானநிலையத்தின் ஓடுதளம் கடற்கரை மணலில் வந்து முட்டுகிறது. குளித்துக்கொண்டிருக்கிறவர்கள் தலைக்கு மேலே, கை நீட்டினால் சக்கரம் தட்டும் என்கிற மாதிரி விமானம் இறங்குகிறது. 2016 வரை டச்சுக்காரர்களின் பெரிய ஜம்போ 747-ம் இப்படித்தான் வந்ததாம். பேரன் துள்ளிக் குதித்தான். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பத்து நிமிடம் போதும்.

அதற்கு அடுத்து மஞ்சள் நிறத்தில் அரித்துப்போன பாறைச் சுவர், அடியில் குகை குகையாக. குபிகாய் என்று பெயர். அங்கே கேப்டன் இன்ஜினைக் குறைத்தார். "இப்போது டச்சு" என்றார். படகு ஒரு ஐம்பது அடி நகர்ந்தது. "இப்போது பிரெஞ்சு." அவ்வளவுதான். பாறையில் கோடு இல்லை, கல் இல்லை, கொடி இல்லை, கேட்பாரும் இல்லை. என் கைப்பேசி மட்டும் "பிரான்சுக்கு நல்வரவு" என்று ஒரு செய்தி அனுப்பியது.

பிரித்த கதை ஒன்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு பிரெஞ்சுக்காரனும் ஒரு டச்சுக்காரனும் கிழக்குக் கரையில் ஒரே இடத்தில் முதுகோடு முதுகு நின்று, ஒருவன் வடக்காகவும் ஒருவன் தெற்காகவும் கரையோரமாகவே நடந்தார்களாம். மறுபடி சந்திக்கிற இடத்துக்கும் கிளம்பிய இடத்துக்கும் நேர்கோடு போட்டுக்கொள்வது என்று பேச்சு. பிரெஞ்சுக்காரன் கையில் ஒயின், டச்சுக்காரன் கையில் ஜின். ஜின் தலைக்கேறி இவன் நடை தளர்ந்துவிட்டதாம். அதனால்தான் பிரெஞ்சுப் பக்கம் 53 சதுர கிலோமீட்டர், டச்சுப் பக்கம் 34. அளவையின்போது குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? நமக்கு அளவைச் சங்கிலி பிடித்த செயின்மேன் ஒருவர் நினைவுக்கு வந்தார். பெயர் எழுதவில்லை, உனக்கே தெரியும்.

உண்மை அவ்வளவு சுவையாக இல்லை. உப்புக்காகத்தான் டச்சுக்காரர்கள் 1631-ல் வந்தார்கள். தெற்கே பெரிய உப்பு ஏரி இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஸ்பெயின்காரன் பிடுங்கிக்கொண்டான். 1644-ல் அதை மீட்க வந்த ஸ்டைவெசன்ட் என்கிற டச்சுத் தலைவருக்குப் பீரங்கிக் குண்டில் ஒரு கால் போயிற்று. அதே ஆள் ஒற்றைக் காலோடு பிறகு நியூயார்க்கை ஆண்டிருக்கிறார். அப்போது அதற்கு நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயர். 1648-ல் ஸ்பெயின்காரன் தானாகவே விட்டுவிட்டுப் போக, மிச்சமிருந்த பிரெஞ்சு, டச்சு இரண்டு கூட்டமும் மார்ச் 23-ஆம் தேதி ஒரு குன்றின்மேல் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டது.

அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை மகள் இணையத்தில் எடுத்துப் படித்துச் சொன்னாள். பிரெஞ்சுக்காரர்கள் இப்போது குடியிருக்கும் பகுதியும் வடக்கே 'அங்கில்லா' என்கிற தீவைப் பார்த்த கரை முழுதும் அவர்களுக்கு, கோட்டையும் அதைச் சுற்றிய நிலமும் டச்சுக்காரர்களுக்கு. முடிந்தது! செக்குபந்திகூட, அதாவது நான்கு பக்க எல்லை விவரம்கூட, ஒழுங்காக இல்லை. கல் நட்டதாகப் பேச்சே இல்லை. இப்படி ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு எவனாவது நம்மிடம் வந்திருந்தால் உட்காரச் சொல்லியிருப்போமா? அதை வைத்துக்கொண்டு 375 வருடம் ஓட்டியிருக்கிறார்கள், நடுநடுவே ஒருவன் இடத்தை ஒருவன் பிடிப்பதும் விடுவதுமாக.

சரி, கடலுக்கு வருகிறேன். மரிகோ என்கிற ஊர், குன்றின்மேல் 1789-ல் கட்டிய கோட்டை, அதைத் தாண்டிக் கிராண்ட் காஸ் எதிரே கடலுக்குள் நீட்டிய ஒரு மொட்டைப் பாறை. அங்கே நங்கூரம் போட்டார்கள். மூக்கை மூடுகிற கண்ணாடியும் வாயில் வைக்கிற குழாயும் கொடுத்து இறங்கு என்றார்கள். நான் கிணற்று நீச்சல்காரன். கடலில் கழுத்தளவுக்கு மேல் போனதில்லை. மகள் வேண்டாம் என்றதும், அதற்காகவே இறங்கினேன்.

சண்முகம், முதலில் கேட்டது என் மூச்சுதான். குழாய் வழியாக யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரி. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால், என் கால் பெருவிரலுக்குக் கீழே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட சின்ன மீன்கள் ஒரு இருபது, முப்பது. பயமே இல்லை அவற்றுக்கு. அப்புறம் "கறுக், கறுக்" என்று ஒரு சத்தம். கேழ்வரகு திரிக்கிற மாதிரி. என்னடா என்று பார்த்தால் நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன், பாறையை அலகால் கொறித்துக்கொண்டிருக்கிறது. கொறித்துவிட்டு வாலுக்கடியில் வெள்ளை மணலாக விட்டுவிட்டுப் போகிறது. கரையில் நாம் மிதிக்கிற வெள்ளை மணலில் பாதி இது செய்த வேலைதானாம். கேப்டன் சொன்னபோது மகளுக்கு முகம் சுளித்தது. எனக்கு மரியாதைதான் வந்தது.

மேலே ஏறியதும் ஜானி கேக் கொடுத்தார்கள். எண்ணெயில் பொரித்த மொத்தமான ரொட்டி, நம் பூரிக்கு அண்ணன். உப்புக் கருவாட்டை உதிர்த்து உள்ளே வைத்திருந்தது. மூன்று சாப்பிட்டேன். சர்க்கரையைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடு.

தின்றுகொண்டே கேப்டன் தன் கதையைச் சொன்னார். வீடு பிரெஞ்சுப் பக்கம், தொழில் டச்சுப் பக்கம், அம்மா டச்சுப் பக்கம், மாமனார் பிரெஞ்சுப் பக்கம். வீட்டில் மின்சாரம் 220 வோல்ட், அம்மா வீட்டில் 110. பிளக்கும் வேறு. ஒரு காலத்தில் இங்கிருந்து அங்கே போன் போட்டால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம். அம்மாவுக்குப் போன் போடுவதைவிட நடந்து போவது மலிவு என்று நடந்து போவாராம். பள்ளியில் இவருக்குப் பிரெஞ்சு, அக்கா பிள்ளைகளுக்கு டச்சும் ஆங்கிலமும். வீட்டில் எல்லாரும் பேசுவது ஆங்கிலம். ஒரு பக்கம் யூரோ, மறுபக்கம் டாலர், 2025-லிருந்து கரீபியன் கில்டர் என்று இன்னொன்று. "எதில் வாங்குவீர்கள்?" என்றேன். "கொடுப்பதில்" என்றார்.

நம் பாண்டிச்சேரி எல்லையை அவருக்கு விளக்கப் பார்த்தேன். ஒரு வயல் அவர்களுடையது, அடுத்த வயல் நம்முடையது, திரும்பவும் அவர்களுடையது என்று பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன ஒட்டுத்துணி. நாம் புலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு தலையைப் பிடித்துக்கொண்ட நாட்களைச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, "அங்கேயும் பிரெஞ்சுக்காரனா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வடமுனை திரும்பிப் பினெல் தீவில் கால் மணி நேரம். உடும்புகள் நாய்க்குட்டி மாதிரி காலடியில் வருகின்றன. அதற்குப் பிறகுதான் வினை. கிழக்குப் பக்கம் அட்லாண்டிக். அதுவரை பாய் விரித்தாற்போல் இருந்த கடல், அங்கே மேடும் பள்ளமுமாக எழுந்துவிட்டது. அலைமேலே ஏறி "தொம்"மென்று விழும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றும் எண்ணத் தெரிந்தது. மூன்று ஜானி கேக்கும் கடலுக்கே போயிற்று. கரையோரம் சர்காசம் என்கிற பழுப்புப் பாசி ஒதுங்கி அழுகி, முட்டை நாற்றம் வேறு. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே வந்தார். நல்ல பையன். சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

அந்த நிலையிலும் ஒன்றை விடவில்லை. ஆய்ஸ்டர் பாண்ட் என்று ஒரு குடா. கதையில் இருவரும் நடையைத் தொடங்கிய இடம். தகராறும் அங்கேதான். எல்லை தண்ணீரின் நடுவிலா, இல்லை கரையை ஒட்டியா என்று இரண்டு நாட்டுக்கும் முடிவாகாமலே கிடந்தது. முழுத் தண்ணீரும் எங்களது என்பது பிரெஞ்சுக் கட்சி, பாதி எங்களது என்பது டச்சுக் கட்சி. இர்மாவில் இடிந்ததைக் கட்ட யாரிடம் அனுமதி வாங்குவது என்றே சிக்கலாக இருந்ததாம். 2023 மே 26-ஆம் தேதிதான் நடுவில் கோடு போட்டுக் கையெழுத்தானது. வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தேன். ஒரு மூலை முடிவாக 375 வருடம்! நாம் ஒரு நிலத்தை உட்பிரிவு செய்கிற சப்டிவிஷனுக்கு மூன்று மாதம் எடுத்தால் கலெக்டர் ஆபீசில் மெமோ கொடுத்தார்கள்.

தெற்கே வந்ததும் கடல் அடங்கிவிட்டது. டச்சுப் பக்கத்துத் தலைநகர் பிலிப்ஸ்பர்க்கில் மாடி மாடியாக நாலு கப்பல். கடைவீதியில் நகைக்கடை வைத்திருப்பவர்களில் நிறைய சிந்திக்காரர்கள் என்று மறுநாள் போனபோது தெரிந்தது. ஒருவர் என்னிடம் இந்தியில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

பாலத்தடியில் நுழைந்து மறுபடி அதே கழி. மதியம் பன்னிரண்டரை. இறங்கும் முன் கேப்டன் கோல் பே பக்கத்து மலைச்சரிவைக் காட்டினார். அங்கே டைமண்ட் என்று ஒரு பண்ணை இருந்ததாம். 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. டச்சுக்காரர்கள் ஒழித்தது 1863-ல். நடுவில் பதினைந்து வருடம், இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அடிமை, அந்தப் பக்கம் மனிதன். செய்தி வந்தவுடனே அந்தப் பண்ணையிலிருந்து 26 பேர் ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு டச்சு முதலாளிகளால் யாரையும் கட்டிவைக்க முடியவில்லை. சட்டம் பிடித்து வைக்கச் சொன்னாலும், நடந்தால் எட்டிவிடுகிற தூரத்தில் விடுதலை இருந்ததே.

"அவர்களுக்கு எல்லை எங்கே என்று எப்படித் தெரிந்தது? கல் இல்லையே?" என்று கேட்டேன். சர்வேயர் புத்தி. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார்.

இனி உன் வேலி. மூன்று எல்லை சேருமிடத்தில் நட்ட உன் தாத்தா காலத்து முச்சந்திக் கல் கிணற்று மேட்டில் புதைந்து கிடக்கிறது, பிடுங்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1991-ல் நானே அதன்மேல் உட்கார்ந்து இளநீர் குடித்திருக்கிறேன். ஒரு அடி தோண்டிப் பார். கிடைக்காவிட்டால் ஏப்ரலில் நான் வருகிறேன், எஃப்.எம்.பி. என்கிற புலப்பட நகல் மட்டும் தாலுகா ஆபீசில் எழுதிக்கொடுத்து வாங்கி வை. அதுவரை கம்பியும் கட்டாதே, போலீசுக்கும் போகாதே. அளக்கிற அன்று உன் அண்ணன் மகனையே சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுவோம். பொங்கலுக்கு அவன் வீட்டிலிருந்து கரும்பு வந்ததா இல்லையா, அதை எழுத மறந்துவிட்டாய்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லு.

உன்,
ராமலிங்கம்

பின்குறிப்பு: அந்தக் கடற்கரையில் ஒரு வெள்ளைச் சங்கு எடுத்துப் பையில் போட்டேன். எதையும் எடுக்கக் கூடாது என்று கேப்டன் வாங்கித் திரும்பக் கடலில் போட்டுவிட்டார். அதனால் உனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.