மேட்சுக்கு அப்பாலும் சொல்லிக்கொடுங்கள்: எல்லையோர டேக்வாண்டோ மாஸ்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்த ரோட்டோரம் முழுக்கப் பள்ளி மைதானங்களிலும் சர்ச் ஹால்களிலும் கல்யாண மண்டப மாடிகளிலும் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் மாஸ்டர்மாருக்கு,

வணக்கம். விளவங்கோடு வட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மகளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், பிறகு நானும் டோபோக் என்ற பயிற்சிச் சீருடை வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். மகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள். நான் இன்னும் நிற்கிறேன். ஒரு மேட்சிலும் ஆடியதில்லை, ஆடப்போவதும் இல்லை. என்னைப் போன்ற பெரியவர்களுக்காகவும், இரண்டு மேட்சில் தோற்றதும் வருவதை நிறுத்திவிடும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். டேக்வாண்டோவை முழுசாகச் சொல்லிக்கொடுங்கள்.

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பாவும் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற அம்மாவும் பிள்ளைக்கு மாதா மாதம் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றால், ஒரு சர்டிபிகேட் கையில் வரும், அது நாளைக்கு காலேஜ் சீட்டுக்கோ வேலைக்கோ உதவும் என்ற நம்பிக்கையில்தான். கேரளப் பக்கம் கிரேஸ் மார்க், தமிழ்நாட்டுப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கோட்டா. அந்த நம்பிக்கையில் தப்பே இல்லை. போட்டி விரிப்பில் ஏறி, எதிரே நிற்பவனுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, பயத்தோடு ஆடி, தோற்றாலும் கைகொடுத்துவிட்டு இறங்குகிற பிள்ளைக்குக் கிடைக்கும் தைரியம் லேசானதல்ல. 2000-இல் சிட்னியில் டேக்வாண்டோ முழுமையான ஒலிம்பிக் விளையாட்டானது. அதற்குப் பிறகுதான் இந்தக் கலையின் பெயரே நம் ஊர்ப் பெற்றோர் பலருடைய காதுக்கு வந்தது.

ஆனால் ஹாலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி இருந்தால் ஐந்து நாள் ஃபைட்தான். செஸ்ட் கார்டு, ஹெட் கார்டு, கிக்கிங் பேட். தனியாக நின்று செய்கிற அசைவுத் தொடரான பூம்சே என்பது பெல்ட் டெஸ்ட்டுக்கு முந்தைய வாரம் அவசரமாகச் செய்கிற வேலை. தற்காப்புக்கென்று ஹோசின்சுல் என்ற ஒரு பகுதி இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

மேட்சின் விதிகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். இரண்டு நிமிடம் வீதம் மூன்று ரவுண்ட் வரை. உடம்பில் குத்து விழுந்தால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. பிடிக்கக் கூடாது. கீழே விழுந்தால் கம்ஜோம் என்ற அபராதம், அது எதிராளிக்கு ஒரு புள்ளி. விளையாட்டு பத்திரமாகவும் நியாயமாகவும் நடக்க இவை வேண்டியவைதான். அவற்றுக்குள் மட்டுமே வளர்கிற பிள்ளையின் உடம்பு எதைக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் என் கவலை. முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்திருப்பதால் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கப் பழகுகிறது. எலக்ட்ரானிக் செஸ்ட் கார்டு வந்த பிறகு முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சென்சாரில் படும்படி தட்டினால் போதும் என்று பழகுகிறது. கையைப் பிடித்தால் ரெஃப்ரி நிறுத்திவிடுவார் என்று நம்புகிறது.

எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது நர்சுகள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளுக்குக் காலை டூட்டிக்கு முதல் பஸ்ஸில் போகிறார்கள், ராத்திரி டூட்டி முடிந்து கடைசி பஸ்ஸில் வருகிறார்கள். பஸ் கூட்டத்திலோ ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கிற இருட்டிலோ அவர்களுக்கு வருகிற தொல்லை எப்படி இருக்கும்? மணிக்கட்டைப் பிடிப்பான். துப்பட்டாவை இழுப்பான். பின்னாலிருந்து தோளைச் சுற்றிக் கை போடுவான். மேட்ச் தடை செய்திருக்கும் அத்தனையும் அங்கே நடக்கும். ஸ்டேட் அளவில் மெடல் வாங்கிய ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள்: "டீச்சர், கையப் பிடிச்சா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. நான் ஃபைட்டுதான் படிச்சேன்." அவள் படித்தது நம் எல்லைக்கு உட்பட்ட ஒரு ஹாலில்தான். யார் என்று சொல்ல மாட்டேன். எந்த ஹாலாகவும் அது இருந்திருக்கலாம்.

இத்தனைக்கும் அவளுக்கு வேண்டியது அவள் மனப்பாடமாகச் செய்துகாட்டிய பூம்சேக்குள்ளேயே இருந்தது. முதல் பூம்சேயான இல் ஜாங்கில் 18 அசைவு. அடிவயிற்றுக்கு வருவதைத் தடுத்து, உடனே ஒரு அடி முன்னே போய்க் குத்துவதில் தொடங்குகிறது. தடுத்துவிட்டுப் பின்வாங்காதே என்பதை எட்டு வயதுப் பிள்ளையின் காலுக்கே புரியவைக்கிற அமைப்பு அது. நான்காவதான சா ஜாங்கில் விரல்நுனியால் குத்துவதும் கைவிளிம்பால் கழுத்தில் வெட்டுவதும் வருகிறது. ஓ ஜாங்கில் முழங்கை. சில் ஜாங்கில் எதிராளியின் தலையை இழுத்து முழங்காலில் மோதவைப்பது. கறுப்பு பெல்ட்டின் முதல் பூம்சேயான கோரியோவில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பிளவால் தொண்டையில் அடிப்பதும் முழங்காலை முறிப்பதும் உண்டு. முழங்கை, முழங்கால், தொண்டை, கழுத்து இவற்றில் ஒன்றுக்காவது மேட்சில் புள்ளி உண்டா? கிடையாது. அதனாலேயே இவை ஹாலில் அர்த்தமில்லாத கையசைவாகிப் போயின. பிள்ளைகள் அழகாகச் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறோம் என்று கேட்பதில்லை. கேட்டாலும் நேரமில்லை, அடுத்த வாரம் போட்டி மீட்.

ஒரு பூம்சேயை எடுத்து இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, "அவன் இப்படிப் பிடிக்கிறான், நீ இந்த அசைவை இங்கே போடு" என்று சொல்லிக்கொடுத்த ஒரு மாலைப் பொழுதை நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டில் ஆர்வமே இல்லாமல் சுவரோரம் நிற்கிற பையன்கள்கூட அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றார்கள்.

இனி, அடிமுறை என்ற நம் ஊர்ப் பழைய சண்டைக்கலையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசான்மாரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

"அடிமுறை பிறந்த மண்ணில் கொரியாக்காரன் கலை எதற்கு?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. டேக்வாண்டோ படிக்கிற சில பிள்ளைகள் பதிலுக்கு, "அது பழசு, அதுக்கு ஒலிம்பிக்ஸ் இல்ல" என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடிமுறையில் ஒற்றைச்சுவடு இருக்கிறது, தனியாக நின்று செய்கிற அசைவுத் தொடர். பிறகு அதையே ஆளோடு ஆள் நின்று அடியும் தடையுமாகச் செய்வார்கள், பூட்டும் பிரிவும், அதாவது பிடிப்பதும் பிடியை விடுவிப்பதும் படிப்பார்கள். கடைசியில் வர்மம், உடம்பின் உயிர்நிலைகளைப் பற்றிய அறிவு. எந்த இடத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆசானுக்கு, அங்கே அடிபட்டு வந்தவனை எப்படி இளக்கிச் சரியாக்குவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வர்மாணி வைத்தியமும் அடிமுறையும் ஒரே ஆளின் கையில் இருந்தன. யாருக்குக் கற்பிப்பது என்பதை ஆசான் வருஷக்கணக்கில் பார்த்துத்தான் முடிவு செய்வார். கோபக்காரனுக்கு வர்மம் கிடைக்காது.

தனிப் பயிற்சி, ஆளோடு பயிற்சி, தற்காப்பு, நடத்தை. டேக்வாண்டோவின் முழு வடிவத்திலும் இவைதானே இருக்கின்றன? பூம்சே, கியோருகி என்கிற ஃபைட், ஹோசின்சுல், வணக்கம் சொல்லித் தொடங்கி வணக்கம் சொல்லி முடிக்கிற ஒழுங்கு. அதனால்தான் இந்தக் கலை நம் மண்ணுக்கு அந்நியம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வரலாறும் அப்படித்தான். 1945-இல் ஜப்பான் பிடியிலிருந்து கொரியா விடுபட்ட காலத்தில் அங்கே பயிற்சிக்கூடங்களைத் தொடங்கிய குருமாரில் சிலர், ஜப்பானில் படிக்கப் போனபோது கராத்தே கற்றவர்கள். அதைத் தங்கள் வழியில் மாற்றி வளர்த்து, பல கூடங்கள் பேசிப் பேசி, 1950-களிலும் 60-களிலுமாக ஒரு பெயருக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டில் கற்றதைத் தன் வீட்டில் வளர்த்துக்கொண்ட கலை அது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருமனையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ ஒரு ஆசானை உங்கள் ஹாலுக்கு அழைத்தால் அதன் மரபுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. மணிக்கட்டுப் பிடியைப் பிரிக்க அவர் சொல்லித்தருவதும் நீங்கள் சொல்லித்தருவதும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

எடை குறைக்கும் பழக்கத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும், இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஒருநாள் காலை அசெம்பிளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். மீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு கிலோ அதிகமாக இருக்கிறாள் என்று சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்திருக்கிறாள். வளர்கிற வயதுப் பிள்ளை, மரச்சீனிக் கிழங்கும் மீனும் வயிறார சாப்பிட வேண்டிய பிள்ளை. கீழ் எடைப் பிரிவில் ஆடினால் மெடல் எளிது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடம்பைக் காப்பாற்றுவதற்கென்று உள்ள கலையின் பெயரால் உடம்பைக் கெடுக்கலாமா? 14 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையையும் எடை குறைக்கச் சொல்ல மாட்டோம் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தால், அதை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் நானே வாசிக்கிறேன்.

எல்லையைப் பற்றிச் சின்னதாக ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளப் பக்கம் நின்றன. வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, கல்யாணமும் சாவும் கோடு பார்த்து நடப்பதில்லை. ஆனால் போட்டி என்று வந்தால் கோடு வந்துவிடுகிறது. ஒரே ஹாலில் ஒன்றாக வியர்வை சிந்தியவர்களில் ஒருத்தி கேரள அணித் தேர்வுக்கும் இன்னொருத்தி தமிழ்நாட்டு அணித் தேர்வுக்கும் போகிறாள். அது நிர்வாகம், இருக்கட்டும். பூம்சேயும் தற்காப்பும் படிக்க எந்த ஸ்டேட் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து மாஸ்டரும் இந்தப் பக்கத்து மாஸ்டரும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுத்தால் யார் தடுப்பார்கள்?

பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவதாக நீங்களே வருத்தப்படுகிறீர்கள். ஃபீஸை நம்பிக் குடும்பம் நடத்துகிற உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். மெடலுக்காக வந்தவர்கள் மெடல் வாய்ப்பு போனதும் போகத்தான் செய்வார்கள். பெரியவர்கள் அப்படிப் போக மாட்டார்கள். உலக பூம்சே போட்டிகளிலேயே 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது. டேக்வாண்டோவின் உலகத் தலைமையகமான குக்கிவோனின் விதிப்படி, கறுப்பு பெல்ட்டின் படிகளான டான்களில் முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு வருடம், அடுத்ததற்கு 2 வருடம், அதற்கடுத்து 3 வருடம் என்று காத்திருக்க வேண்டும். மேட்சில் ஒரு மெடலும் வாங்காதவர்களும் அந்தப் படிகளில் ஏறலாம். நாற்பது வயதில் தொடங்குகிறவர்களுக்கும் இடம் வைத்த கலை இது. தலைக்கு மேல் உதைக்க எங்களால் முடியாது, முழங்கால் வலிக்கும். தாழ்வாக உதைக்கச் சொல்லிக்கொடுங்கள், நிலையைச் சரியாக நிற்கச் சொல்லிக்கொடுங்கள், விழுந்தால் எப்படி விழுவது என்று சொல்லிக்கொடுங்கள். அண்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்களுக்கு மாலை ஆறரைக்கு ஒரு பேட்ச் வைத்துப் பாருங்கள். முதலில் நாலு பேர்தான் வருவார்கள். ஃபீஸைக் குறைத்தால் எட்டுப் பேர்.

பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் செஸ்ட் கார்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் பூம்சேயைப் பிரித்துக் காட்டுங்கள். பெல்ட் டெஸ்ட்டில் அந்தந்த பூம்சேயிலிருந்து ஒரு அசைவைச் சொல்லி, ஆள் வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தெரியாத பிள்ளையை அடுத்த தடவை வரச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்கிற பெற்றோரிடம் பேச நான் வருகிறேன். ஆசிரியர் சொன்னால் கொஞ்சம் கேட்பார்கள்.

அடுத்த மாவட்ட மீட் முடிகிற அன்று மாலை, பரிசளிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று உங்களுக்குள் பேசிப் பாருங்கள். புள்ளி வேண்டாம், நடுவர் வேண்டாம். மெடல் வாங்காத பிள்ளைகளும் பெரியவர்களும் பூம்சேயும் தற்காப்பும் செய்துகாட்டட்டும், ஆசான்மார் வந்து ஒரு ஒற்றைச்சுவடு செய்துகாட்டட்டும். ஹால் கிடைக்காவிட்டால் எங்கள் பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரிடம் நான் கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை என்றால் தரலாம் என்றார். தேதியை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

மரியாதையுடன்,
வரிசையின் கடைசியில் நிற்கும் உங்கள் மாணவி ஒருத்தி
விளவங்கோடு வட்டம்