உதவித்தொகைப் பிரிவில் இருந்த அக்காவுக்கு

இறையியல் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம், கட்டண விவரத்தைப் பார்த்ததும் வடிந்துவிட்டது. எம்.டிவ். என்கிற, ஆயர் பணிக்கான முதுகலைப் படிப்பை முழுநேரமாகப் படித்தாலே பொதுவாக 3 வருஷம். என் கையில் இருந்தது முதல் பருவத்துக்கே போதாது. சேரவில்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் உங்கள் மேசைக்கு வந்தேன்.

கடிதத்தைப் படித்தீர்கள். மடித்து என்னிடமே திருப்பித் தந்தீர்கள். "உட்காருங்க தம்பி. உங்க சபையில கேட்டீங்களா?" கேட்கவில்லை, கூச்சம். அப்புறம் சாப்பிடக்கூடப் போகாமல் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனீர்கள்: குடும்ப வருமானம் பார்த்துக் கல்லூரி தரும் நிதி, மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை, ஆயர் பணிக்கு வருபவர்களுக்குத் திருச்சபை தருவது. கடனைக் கடைசியில் எழுதி வட்டம் போட்டீர்கள். "ஊழியச் சம்பளத்துல இதை அடைக்கிறது கஷ்டம். திருப்பித் தர வேண்டாத பணத்தை முதல்ல தேடுங்க." சபைக்கான விண்ணப்பத்தையும் அங்கேயே எழுத வைத்தீர்கள்.

கல்லூரி திறந்து நான் வந்தபோது நீங்கள் வேறு இடத்துக்குப் போயிருந்தீர்கள். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

படிப்பை முடித்துவிட்டேன் அக்கா, கடன் இல்லாமல். அந்தத் தாள் இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. மனமார்ந்த நன்றி.